மேகத்தைக் கடந்து நெல் வயலை அளக்கும் ரேடியோ அலைகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா நெல், ஆவணியில் தொடங்கித் தை வரை வயலில் நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் வானத்தில் மேகம். ஐப்பசி, கார்த்திகை அடை மழையில் விண்ணிலிருந்து சாதாரணக் காமிராவால் படம் எடுத்தால் கும்மிடிப்பூண்டியும் தெரியாது, பொன்னேரியும் தெரியாது. வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இந்த மாவட்டத்தை நனைத்துப் போட்டபோதும் அதுதான் நிலை. பயிருக்கு ஆபத்து வருகிற நாளில்தான் காமிராவின் கண் மறைந்துவிடுகிறது.

ஆனால் அதே நாட்களில், இரவிலும் கூட, நம் வயலைப் பார்க்கக்கூடிய வேறொரு கண் இருக்கிறது. அது ஒளியால் பார்ப்பதில்லை. ரேடியோ அலையால் பார்க்கிறது. பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வதில் இந்தக் கண்ணுக்கும் இப்போது பங்கு உண்டு. ஆகவே அது எப்படிப் பார்க்கிறது, எங்கே தவறாகப் பார்க்கக்கூடும் என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது.

இந்தக் கண் புறப்பட்ட இடமும் நமக்குத் தூரமில்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2012 ஏப்ரல் 26 அன்று 'ரிசாட்-1' என்ற ரேடார் செயற்கைக் கோளை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அனுப்பியது. அது சில ஆண்டுகள் பணி செய்து ஓய்ந்தபின், 2022 பிப்ரவரி 14 அதிகாலையில் இ.ஓ.எஸ்.-04 என்ற கோள் அதே இடத்திலிருந்து சென்றது. 2025 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் நாசாவும் நம் நாடும் சேர்ந்து செய்த 'நிசார்' சென்றது. ராக்கெட் கிளம்பும் நாளில் ஆரம்பாக்கம், எளாவூர்ப் பக்கம் வரப்பில் நின்று புகைக் கோட்டைப் பார்த்தவர்கள் பலர். மேலே போனது திரும்பி நம் வரப்பைத்தான் பார்க்கப் போகிறது என்பது அப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

அலையின் நீளமும் இலையின் அளவும்

கிணற்றில் குனிந்து குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது. ரேடார் செய்வதும் இதுவே. மேலிருந்து சாய்வாக ஒரு ரேடியோ அலையை வயலின் மீது வீசுகிறது. வயலில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கி, எவ்வளவு வந்தது என்று அளக்கிறது. அதிகம் திரும்பி வந்த இடம் படத்தில் வெளுப்பாகவும், குறைவாக வந்த இடம் கறுப்பாகவும் இருக்கும்.

எல்லா ரேடியோ அலையும் பயிரிடம் ஒரே மாதிரி நடந்து கொள்வதில்லை. வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்து 'வயலும் வாழ்வும்' கேட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 417 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு ஒரு மாமரம் ஒரு பொருட்டே அல்ல. தோப்புக்குள் அமர்ந்தாலும் பாட்டு கேட்டது. செல்போனின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை 33 செ.மீ. நீளம். அது கிளையிலும் இலைக் கொத்திலும் மோதித் தடுமாறுகிறது. பயிரைப் பார்க்கும் ரேடார்கள் பெரும்பாலும் 5 அல்லது 6 செ.மீ. அலையைப் பயன்படுத்துகின்றன. அது நெல்லின் தோகை, தண்டு, கதிர் இவற்றோடு ஒப்பிடக்கூடிய அளவு. ஆகவே அது தோகைக்குத் தோகை பட்டு, நாலா பக்கமும் சிதறுகிறது.

மேகத்தில் உள்ள நீர்த் துளிகளோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். 5 செ.மீ. அலைக்கு அவை கண்ணில் படாத தூசு. எனவேதான் மேகம் தடையாவதில்லை.

இன்னொரு காரணம் தண்ணீர். ஒரு பொருள் ரேடியோ அலையை எவ்வளவு இழுத்துப் பிடித்துத் திருப்பும் என்பதற்கு ஓர் எண் உண்டு. காற்றுக்கு அது 1. காய்ந்த மண்ணுக்கு 3 அளவில். தண்ணீருக்கு 80-ஐ ஒட்டி. பச்சைத் தோகையில் பெரும்பங்கு தண்ணீரே. எனவே ரேடார் உண்மையில் பார்ப்பது பயிரின் பச்சை நிறத்தை அல்ல, பயிருக்குள் இருக்கும் நீரை. காய்ந்த வைக்கோல் போர் அதற்கு மங்கலாகத் தெரியும். நேற்று மழை பெய்த வெற்று நிலம் பளிச்சென்று தெரியும்.

1978-ல் ஆட்டெமா, உலாபி என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகச் செய்து காட்டினார்கள். பயிர் நிற்கும் வயலைத் தோகையாகவும் தண்டாகவும் பார்க்காமல், தரைக்கு மேல் தொங்கும் நீர்த் துளி மேகமாக வைத்துக் கொள்ளலாம் என்றார்கள். மேகத்திலிருந்து திரும்பி வருவது ஒரு பங்கு. மேகத்தைக் கடந்து தரையில் பட்டு, மீண்டும் மேகத்தைக் கடந்து வருவது மறு பங்கு. பயிர் அடர்ந்தால் முதல் பங்கு கூடும், இரண்டாம் பங்கு குறையும். இத்தனை எளிய கணக்கு இன்றும் பயிர் ஆராய்ச்சியில் புழங்கி வருகிறது.

வயலில் அளப்பது எப்படி?

விண்ணிலிருந்து வரும் எண்ணை நம்ப வேண்டுமானால், முதலில் தரையில் அளந்திருக்க வேண்டும். உயரமான கம்பம் ஒன்றையோ, ஏணி பொருத்திய லாரியையோ வயலோரம் நிறுத்தி, உச்சியில் புனல் போன்ற ஆன்டெனாவைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள். அது அலையை அனுப்பித் திரும்புவதை வாங்குகிறது. படியளக்கும் முன் படியைச் சரி பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக மூன்று உலோகத் தகடுகளை ஒரு மூலை போலச் சேர்த்து வயலில் வைப்பார்கள். அந்த மூலை எவ்வளவு திருப்பும் என்பது கணக்கில் தெரிந்தது. அதோடு ஒப்பிட்டுத்தான் பயிரின் அளவைச் சொல்வார்கள்.

ஒரே இடத்தை ஒருமுறை அளந்தால் போதாது. தோகைகளிலிருந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் கூடியும், ஓரிடத்தில் அழிந்தும் போகும். படத்தில் இது உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மை அளவு வரும்.

தோகையைக் கடக்கும்போது எவ்வளவு இழப்பு என்று அறிய, வாங்கும் கருவியைப் பயிரின் அடியில் தரையோடு வைத்தும் அளப்பதுண்டு. அன்றே அந்த வயலில் பயிரின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, இலைப் பரப்பு, தேங்கிய நீரின் ஆழம் எல்லாம் குறிக்கப்படும். சில குத்துகளைப் பிடுங்கிப் பச்சையாக எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி மீண்டும் எடை போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பயிரின் நீர். விஞ்ஞானம் என்றாலும், முழங்கால் சேற்றில் நிற்காமல் இந்த வேலை நடக்காது.

நெல்லின் கையெழுத்து

மற்றப் பயிர்களைவிட நெல்லை ரேடார் எளிதில் அடையாளம் காண்கிறது. காரணம், நாம் வயலில் தண்ணீர் கட்டுவதுதான்.

சேறடித்து நீர் கட்டிய வயல் கண்ணாடி போல் இருக்கிறது. சாய்வாக வரும் அலை அதில் பட்டு மறுபக்கம் சறுக்கிப் போய்விடுகிறது. திரும்பி வருவது மிகக் குறைவு. படத்தில் வயல் கன்னங்கரேலென்று இருக்கும். நடவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்குகிறது. இப்போது அலை தண்ணீரில் பட்டு, அங்கிருந்து தண்டில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. தோகைகளும் தம் பங்குக்குச் சிதறடிக்கின்றன. வயல் நாளுக்கு நாள் வெளுத்து வரும். தூர் கட்டி முடிந்து பூட்டை விடும் பருவத்தை ஒட்டி வெளுப்பு உச்சத்தை அடையும். கதிர் முற்றித் தோகை காயக் காய, சற்றே மங்கும்.

கறுத்து, பிறகு சில வாரங்களில் வேகமாக வெளுத்து, மெல்ல மங்குவது — இதுதான் நெல்லின் கையெழுத்து. 12 நாட்களுக்கு ஒரு படமாக வரிசையாகப் பார்த்தால் எந்த வயலில் எப்போது நடவானது என்பது கூடத் தெரிந்துவிடும். ஏரி எப்போதும் கறுப்பு. பழவேற்காட்டுப் பக்கத்து இறால் குட்டைகளும் அப்படியே, அவை வெளுப்பதில்லை. சவுக்குத் தோப்பு எப்போதும் வெளுப்பு. திருத்தணிப் பக்கத்துக் கரும்பு நெடுநாள் வெளுத்து நிற்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களையும் இவ்வாறு தனித்தனியே பிரிக்கலாம்.

அலை அதிரும் திசையும் ஒரு தகவல் தருகிறது. நிமிர்ந்து அதிரும் அலை, நிமிர்ந்து நிற்கும் நெல் தண்டுகளிடம் அதிகம் சிக்கிக் கொள்ளும். படுக்கையாக அதிரும் அலை அவற்றின் இடையே எளிதாக இறங்கிவிடும். நிமிர்ந்த அலையை அனுப்பி, திரும்புவதில் படுக்கையாக மாறி வந்த பங்கை மட்டும் அளந்தால், பல திசையிலும் நீட்டிக் கொண்டிருக்கும் தோகைகளின் அடர்த்தியை மதிப்பிடலாம்.

தமிழ்நாட்டில் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து ஆசியாவில் 6 நாடுகளில் 13 இடங்களில் ரேடாரால் நெல் பரப்பை அளந்து பார்த்தன. தமிழ்நாடும் அதில் ஒன்று. 2014-ல் வெளியான முடிவின்படி, நெல்லா இல்லையா என்று சொன்னதில் 85 முதல் 95 சதவிகிதம் வரை சரியாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகள் அனுப்பிய சென்டினல்-1 என்ற ரேடார் கோள் தன் படங்களை யாருக்கும் இலவசமாகத் தருவதால், பிறகு வேலை எளிதாயிற்று.

2016-ல் வடகிழக்குப் பருவ மழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பாவில் எந்தெந்த ஊரில் நடவே ஆகவில்லை, எங்கே நட்ட பயிர் கருகியது என்பதை ரேடார் படங்களைக் கொண்டு பல்கலைக் கழகம் கணித்துக் கொடுத்தது; காப்பீட்டுத் தொகை வழங்குவதற்கு அது பயன்பட்டது. ஊர் ஊராக ஆள் அனுப்பி எண்ணியிருந்தால் அடுத்த சம்பாவே வந்திருக்கும்.

பத்து சென்டுக்கு ஒரு புள்ளி

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது சுமார் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறத்தாழ 10 சென்ட். அரை ஏக்கர் வைத்திருப்பவரின் நிலம் முழுவதும் ஐந்து புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதிலும் வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும், வாய்க்காலும், பனை மரமும் கலந்துவிடும். முன்பு சொன்ன உப்பு மிளகுத் தூவலை நீக்கப் பல புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஆகவே கிராமத்துக்கு நம்பகமாகச் சொல்லும் ரேடார், ஒரு சிறு விவசாயியின் அரை ஏக்கரைத் தனியே சொல்லத் தடுமாறுகிறது. பெரிய பண்ணைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கருவிக்கு ஓரவஞ்சனை கிடையாது. ஆனால் விளைவு ஓரவஞ்சனை போலத்தான் இருக்கிறது.

புழுதி விதைப்பு இரண்டாவது சிக்கல். திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைத்து, ஏரியில் நீர் வந்தபின் பாசனத்துக்கு மாற்றும் வழக்கம் பழையது. அந்த வயலில் தொடக்கத்தில் தண்ணீர் கட்டுவதில்லை. ரேடார் எதிர்பார்க்கும் கறுப்பு வருவதில்லை. பயிர் முளைத்தபின் தண்ணீர் கட்டும்போது தோகை மறைத்துவிடுகிறது. எனவே, கணிப்பவர்கள் இதை அறிந்து தனியாகக் கணக்கிடாவிட்டால், இவ்வயல் நெல் பரப்பில் சேராமல் விட்டுப் போகலாம்.

மூன்றாவது, கும்மிடிப்பூண்டிக்கே உரியது. சிப்காட் வளாகத்தின் தகரக் கூரைகளும், உயர் அழுத்த மின் கோபுரங்களும், கம்பி வேலிகளும் ரேடார் அலையைக் கண்ணாடிச் சில்லில் பட்ட வெயில் போலத் திருப்பி அடிக்கின்றன. அந்தப் பளபளப்பு படத்தில் பக்கத்துப் புள்ளிகளுக்கும் வழிகிறது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டியுள்ள நெல் வயல் அதன் இயல்பான கறுப்பைக் காட்டாது.

வெள்ளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பயிர் முழுவதும் மூழ்கினால் வயல் மீண்டும் கறுக்கும், சந்தேகமில்லை. ஆனால் பாதி மூழ்கித் தோகை நுனி வெளியே நின்றால், நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்பும் அலை கூடி, வயல் முன்னைவிட வெளுத்துக் கூடத் தெரியலாம். தெரியாதவர் பார்த்தால் பயிர் செழித்திருக்கிறது என்பார்! வேர் அழுகத் தொடங்கியதை ரேடார் சொல்லாது.

காப்பீட்டுக் கணக்கில் இதன் இடம்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் இழப்பு பொதுவாகத் தனி வயலுக்கு அல்ல, அறிவிக்கப்பட்ட கிராமத்துக்கே கணக்கிடப்படுகிறது. ஓர் உதாரணம்: உங்கள் கிராமத்துக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ என்று வைத்துக் கொள்வோம். இந்தப் பருவத்தில் வந்தது 1,500 கிலோ என்று முடிவானால், குறைவு கால் பங்கு. காப்பீடு செய்த தொகையில் கால் பங்கு கிடைக்கும். 1,700 கிலோ என்று முடிவானால் 15 சதவிகிதம்தான். ஆக, அந்த ஒற்றை எண் எப்படி வருகிறது என்பதே கேள்வி.

பழைய முறை பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களைத் தேர்ந்து, 5 மீட்டர் நீளம் 5 மீட்டர் அகலத்தில் நெல்லை அறுத்து அடித்து எடை போடுவது. 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும், செயற்கைக் கோள் முதலிய தொழில் நுட்பத்தால் கணித்த மகசூலுக்குக் குறைந்தது 30 சதவிகித மதிப்புத் தர வேண்டும் என மத்திய அரசு வகுத்துள்ளது. முழுவதையும் கருவியிடம் விடாமல் அரிவாளுக்கும் இடம் வைத்தது நியாயமானதே. நான்கு இடங்களில் அறுத்துக் கிராமத்தைச் சொல்வதும் சரியல்ல. புள்ளிகளை மட்டும் பார்த்து எடை சொல்வதும் சரியல்ல.

ரேடார் படத்தோடு ஒப்பிடப்படும் காகிதம் அடங்கல். நீங்கள் விதைத்த பயிர், பரப்பு, சர்வே எண், உட்பிரிவு, விதைப்பு அல்லது நடவுத் தேதி இவை கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சரியாக உள்ளனவா என்று படித்துப் பார்த்த பிறகே காப்பீட்டுக்குக் கொடுங்கள். புழுதி விதைப்பானால் அதைச் சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள். நட்ட நாளிலும், பூட்டை விடும்போதும், சேதம் ஏற்பட்டால் அன்றும் செல்போனில் இடமும் தேதியும் பதியுமாறு வயலைப் படம் எடுத்து வையுங்கள். மேலே இருப்பவன் கண்ணுக்குத் தப்பிய பத்து சென்டுக்கு அதுதான் சாட்சி.

நெல் வயலில் வெள்ளம் தேங்குவதைத் தனி வயல் இழப்பாகக் கணக்கிடும் வசதி 2018-ல் நீக்கப்பட்டிருந்தது. 2026 காரிப் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இவ்வகை இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத புயல் நாட்களில் 72 மணி நேரம் எவ்வளவு விரைவாக ஓடும் என்பது இம்மாவட்டத்தாருக்குத் தெரியும். எனவே காப்பீட்டு ரசீது எண்ணை முன்பே தாளில் எழுதி வைப்பது நலம்.

தோப்புக்குள் செல்போன் மோட்டார்

இதே சிதறல், மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு வேறு விதத்தில் தொல்லை தருகிறது. செல்போனில் மோட்டாரை இயக்கும் கருவி பொருத்திய சிலர், கோடையில் வேலை செய்தது மழைக்குப் பின் வேலை செய்யவில்லை என்கிறார்கள். கருவியின் மீது பழி சொல்லுமுன் மரத்தைப் பாருங்கள்.

1982-ல் அமெரிக்காவில் வைஸ்பெர்கர் தொகுத்த கணக்குப்படி, 900 மெகாஹெர்ட்ஸ் அலை 10 மீட்டர் அடர்ந்த இலைக் கூட்டத்தைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சுகிறது. 2,400 மெகாஹெர்ட்ஸ் அலையானால் நான்கில் ஒரு பங்கு. 100 மீட்டர் தோப்பு என்றால் செல்போன் அலை 90-ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பத்து மீட்டருக்கு மூன்றில் ஒன்று என்று பெருக்கிக் கொண்டே போனால் இதைவிடப் பன்மடங்கு குறைந்திருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், அலையில் ஒரு பகுதி மரத்தின் தலைக்கு மேலேறி, உச்சியை ஒட்டியே ஓடி, மறுபுறம் கீழிறங்குகிறது. 1960-களில் தாய்லாந்துக் காடுகளில் அமெரிக்கர்கள் ரேடியோ அலையை அளந்த காலத்தில் இந்த விவரம் தெளிவாயிற்று. மழையில் நனைந்த இலை இன்னும் கூடுதலாக விழுங்கும்.

எனவே அலை ஓடும் பாதைக்கு ஆன்டெனாவைக் கொண்டு போக வேண்டும். மோட்டார்க் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைப்பதைவிட, கம்பத்தில் கட்டி மர உச்சிக்கு மேல் தெரியும்படி உயர்த்துவது நல்லது. முடியாவிட்டால் செல்போன் கோபுரம் இருக்கும் திசையில் தோப்பின் ஓரத்துக்காவது கம்பியை இழுத்துக் கொள்ளலாம். மின் கம்பிக்கு அருகில் கம்பம் நடக் கூடாது. இடி தாக்கினால் அந்த மின்சாரம் தரைக்குள் இறங்கிவிட அதற்கு எர்த் கொடுக்க வேண்டும்.

நிசார் கோளிலும் இதே நியாயம்தான். அதில் 24 செ.மீ. அலை ஒன்றும், சுமார் 9 செ.மீ. அலை ஒன்றுமாக இரண்டு ரேடார்கள் உள்ளன. 12 மீட்டர் அகலக் குடை போன்ற ஆன்டெனா இரண்டுக்கும் பொது. குறுகிய அலை பயிரின் மேல் தோகையோடு நின்றுவிட, நீண்ட அலை தோகையைக் கடந்து தண்டையும் மண் ஈரத்தையும் தொட்டு வரும். 12 நாட்களுக்கு ஒருமுறை அது அதே வயலுக்கு மேல் வருகிறது. புழுதி விதைப்பு வயலையும், சவுக்கு இடையே உள்ள சிறு நிலத்தையும் இதனால் இன்னும் நன்றாகப் பிரிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. அதற்குத் தரையில் சரிபார்க்கும் வேலை ஊர் ஊராக நடக்க வேண்டும்.

அப்படிச் சரிபார்க்கவோ, அறுவடைப் பரிசோதனைக்கோ அலுவலர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், எந்த சர்வே எண் தேர்வாகியுள்ளது என்று கேட்டு அந்த இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். சாலையோர வயலில் கருவியை நீட்டி முடித்துக் கொள்ள விடாதீர்கள். வயலுக்குள் வரப்பிலிருந்து நன்கு தள்ளி, மரமும் மின் கம்பமும் இல்லாத இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். நெல்லை எடை போடும்போது ஊரார் இரண்டு பேராவது உடனிருந்து எடையைக் குறித்துக் கொள்ளுங்கள். இரகம், நட்ட தேதி பற்றிய சந்தேகங்களுக்குத் திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ அணுகலாம்.